ஹைஃபாவரை இழுத்த வேக்கூம் கிளீனர்

எங்கள் யூதப் பண்டிகையான பஸ்காவுக்கு முந்தின வாரம், ஹிந்தா ராய்ட்மன் வாங்கிய சின்ன வேக்கூம் கிளீனர் அவளை எங்கள் ஊர் பெனே ப்ராக்கிலிருந்து வடக்கே ஹைஃபா நகரம்வரை இழுத்துக்கொண்டு போனது. எங்கள் தெருவில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பண்டிகைக்கு முன்னால் ரொட்டி முதலான புளித்த மாவுப் பண்டங்களின் கடைசித் துணுக்கையும் வீட்டைவிட்டு அகற்றியாக வேண்டும். அதற்காக வாங்கும் சாமான்கள் சில சமயம் அளவுக்கு மீறி உழைத்துவிடும். முந்தின வருடம் முதல் மாடி சார்னா சமையல் மேடைக்குச் சுற்றிய அலுமினியத் தாள், பக்கத்தில் நின்ற அவள் புருஷனையும் சேர்த்துச் சுற்றிவிட்டது. பண்டிகை முடிந்த பிறகுதான் பிரித்தார்கள். அவரும் குறை சொல்லவில்லை, அந்த வாரம் அவரை யாரும் வேலை ஏவவில்லை.

ஹிந்தா பம்பரமாகச் சுழல்கிறவள். அலமாரிகளுக்கு ஒட்டும் டேப், அடுப்புக்கு நெருப்புக் குழல், இடுக்குகளுக்குப் பல்குச்சி என்று எல்லாம் வாங்கிய பிறகும் மனம் ஆறாமல்தான் இந்த வேக்கூமையும் வாங்கினாள். கோட்டுப் பைகள், புத்தக இடுக்குகள், மெத்தைத் தையல் என்று எங்கும் உறிஞ்சியது. வீடு பளபளத்த பிறகும் அது ஓயவில்லை. பேட்டரியைக் கழற்றியும் உறுமல் நிற்கவில்லை. மூக்கை வாசல் கதவில் முட்டிக்கொண்டே இருந்தது. ஹிந்தாவின் கணவர் கெட்ஸல் எங்கள் மதகுருவான ரப்பியிடம் போய்க் கேட்டார். "உங்க வீட்டுத் துணுக்கு வெளியில எங்கேயோ பாக்கி இருக்கு. போய்ப் பாருங்க" என்றார் ரப்பி.

எங்கே என்று கெட்ஸலுக்குத் தெரியும். ஒரே மகள் பெரல், ஜெபமும் வேண்டாம், ஓய்வுநாளும் வேண்டாம் என்று ஹைஃபாவுக்குப் போய்விட்டவள். அன்றிலிருந்து அவள் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்பது அவர் கட்டளை.

"கடையிலயே திருப்பிக் குடுத்துடு. நமக்கு இருக்கிறது ஒரே வீடுதான்" என்றார்.

"அதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? இதுகிட்ட சொல்லிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, ஹிந்தா இழுத்த பக்கமே போனாள்.

பேருந்துத் தரையெங்கும் யாரோ தின்ற பலகாரத் தூள். வேக்கூம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடியிலிருந்த பையில் வடக்கு நோக்கி விறைத்துக் கிடந்தது. "பையில என்னம்மா, பூனையா?" என்று ஓட்டுநர் கேட்டார். ஹிந்தா உள்ளதைச் சொன்னாள். பஸ்காவுக்கு முந்தின வாரம் என்பதால் அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

ஹைஃபாவில் அது அவளை மலைச்சரிவில் ஏற்றி, ஒரு கட்டடத்தின் கடைசி மாடிக்கு இழுத்துப்போய்க் கதவில் முட்டியது. பெரல் கதவைத் திறந்தாள். முடியை ஒட்ட வெட்டியிருந்தாள், கையில் பாதி கடித்த ரொட்டி.

"அப்பா செத்துட்டாரா?"

"நல்லாத்தான் இருக்காரு. வழியை விடுடி, கை கழண்டு போகுது."

வேக்கூம் சோபாவுக்கு அடியில் பாய்ந்தது. பெரலுக்கு முகம் சிவந்துவிட்டது. "இத்தனை வருஷம் கழிச்சு வந்து என் வீட்டைச் சுத்தம் பண்றியா? நான் பஸ்கா கொண்டாடுறதில்ல. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியலையே."

பெரல் அதை வெளியே தள்ளப் பார்த்தாள். அது அவளையும் சேர்த்து அறை அறையாக இழுத்தது. டோஸ்டர், கட்டில், கணினி விசைப்பலகை என்று மாலைவரை தாயும் மகளும் அதன் பின்னால் ஓடினார்கள். பசி தாங்காமல் பெரல் பால்கனியில் போய் மிச்ச ரொட்டியைத் தின்றாள். அது பக்கத்தில் காத்திருந்து, அவள் மடியில் உதிர்ந்ததைப் பதமாக உறிஞ்சிக்கொண்டது.

"ஊர்ல எவ்வளவோ வீடு இருக்கு. இது ஏம்மா இங்க வந்துச்சு?"

"இதுவும் நம்ம வீடுன்னு நினைச்சுக்கிச்சு."

பெரல் எழுந்து போய், அம்மாவுக்கு வசதியாகக் குளிர்சாதனப் பெட்டியை நகர்த்திக் கொடுத்தாள்.

ஹிந்தா திரும்பி வந்ததும், "எல்லாம் சுத்தமா?" என்று மட்டும் கேட்டார் கெட்ஸல். "சுத்தம். ரொம்ப மெலிஞ்சு போயிருக்கா" என்றாள். அவர் கை கழுவப் போனார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

அதன்பின் வேக்கூம் அவளை வருடாவருடம் ஹைஃபாவுக்கு இழுத்தது. ஹிந்தாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை நடந்த வருடம் அது கெட்ஸலின் கையைப் பிடித்துக்கொண்டது. தெருமுனைவரை அவர் திமிறிப் பார்த்தார். பிறகு தொப்பியை அழுத்திக்கொண்டு வண்டி ஏறினார். அங்கே அப்பாவும் மகளும் என்ன பேசினார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அவர்தான் போகிறார். பெரல் இன்னும் ரொட்டி தின்கிறாள், ஓய்வுநாளில் காரும் ஓட்டுகிறாள். அந்த வாரம் மட்டும் அவள் கட்டடத்தின் இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கும். அப்பாவுக்கு மூச்சு வாங்குமென்று அவள் போட்டது. கெட்ஸல் அதில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றி விசிறிக்கொள்வார். அவர் எழுந்திருக்கும்வரை வேக்கூமும் உறுமலைக் குறைத்துக்கொண்டு மடியில் கிடக்கும்.