இரண்டாவது குழாய்

...இனிக்கும் என்று நான்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே, சொன்ன பிறகு நாற்பது பேரும் இனிக்கிறது என்றுதானே சொல்வார்கள், ஒரு துண்டு ரொட்டியை வாயில் போட்டு விழுங்காமல் ஒரு நிமிடம் மெல்லுங்கள், மாவுச்சத்து உடைந்து சர்க்கரை ஆகும், என்ன, இனிக்கிறதா என்று கேட்டால் வாய் நிறைய ரொட்டியோடு தலையை ஆட்டாமல் வேறு என்ன செய்வார்கள், இருபத்திரண்டு வருடமாக ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நானும் அவர்களோடு ஒரு துண்டை மெல்கிறேன். இனிக்கவில்லை. இனிப்பது இருக்கட்டும், ரொட்டி நனையவே இல்லை, பஞ்சைத் தின்பதுபோல மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டு நாக்கால் நெம்பினாலும் வரமாட்டேன் என்கிறது. பலகைப் பக்கம் திரும்புவதுபோலத் திரும்பி ஒரு மிடறு தண்ணீர் குடித்து அதைத் தள்ளிவிடுகிறேன். மூன்றாவது பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒருத்தி எழுந்து நிற்கிறாள், வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயரே கேள்வித்தாள், "எனக்கு இனிக்கல டீச்சர்" என்கிறாள். பின்வரிசையில் சிரிப்பு. இன்னும் கொஞ்சம் மெல்லு, போகப் போக இனிக்கும் என்று சொல்லிவிட்டு நிற்கிறேன், சொன்னவுடனே சுருக்கென்கிறது, இது யார் குரல், என் வீட்டுக்காரர் குரல் அல்லவா, கொஞ்ச தூரம் நட, சீக்கிரம் படு, போகப் போகச் சரியாயிடும்... அவள் உட்கார்ந்து மறுபடி மெல்லத் தொடங்குகிறாள், பாவம், மாடு மாதிரி.

பலகையில் மூன்று தலைப்பு, என் கையெழுத்துதான், ஆனால் கடைசி எழுத்துகள் கீழே சரிந்து கிடக்கின்றன. கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு. உருளைக்கிழங்கில் அயோடின் விட்டாயிற்று, கறுத்தாயிற்று, ஓ என்றாயிற்று. நிலக்கடலையைத் தாளில் தேய்த்து ஜன்னலில் பிடித்து, எண்ணெய் பட்ட இடத்தில் வெளிச்சம் ஊடுருவுவதைப் பார்த்தாயிற்று. முட்டையின் வெள்ளைக்கரு ஊதா நிறத்துக்கு மாறுவதை ஒருத்தன் இரண்டு தரம் செய்து பார்த்தான். இதெல்லாம் பெரிய மூலக்கூறுகள், சின்னச் சின்ன மணியைக் கோத்த நீள மாலை மாதிரி, மாலையாகவே உடம்புக்குள் போகாது, மணி மணியாக உடைத்தால்தான் போகும் என்று சொல்கிறேன். இதைச் சொல்லும்போது ஒரு காலத்தில் எனக்கே உடம்பு சிலிர்க்கும், நான் தின்ற கிழங்கா இப்போது இந்தக் கையைத் தூக்குகிறது என்று. இப்போது கையைத் தூக்குவதே பெரும்பாடு. ஏன் என்று கேட்டால் சொல்லக் காரணம் இல்லை, அதுதான் கொடுமை. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை, மகள் விடுதியில் ஒழுங்காகப் படிக்கிறாள். காலையில் விழித்தால் எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான், பல் தேய்க்கும்போது அழுகை வருகிறது. மூன்று மாதம் முன்பு ஒரு நாள் பள்ளியிலிருந்து நேராக ஒரு மனநல டாக்டர் அம்மாவிடம் போனேன், மாத்திரை எழுதினார், தூக்கம் வந்தது, அழுகை கொஞ்சம் குறைந்தது, வாய் மட்டும் காய்ந்து போயிற்று. சில பேருக்கு அப்படி இருக்கும், தண்ணீர் குடியுங்கள் என்றார். போன தடவை வேறொன்றும் சொன்னார். "அளவை மாத்தணும்மா. அடுத்த தடவை தனியா வராதீங்க, உங்களைப் பத்தித் தெரிஞ்ச ஒருத்தர் கூட இருக்கணும்." அந்த அடுத்த தடவை இன்று சாயங்காலம் ஐந்து மணி.

சரி, குழாய்க்கு வா. இரண்டு சோதனைக்குழாய், இரண்டிலும் கஞ்சித்தண்ணீர் மாதிரி மாவுக் கரைசல். ஒன்றாவதில் வெறும் தண்ணீர், இரண்டாவதில் உமிழ்நீர், பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இரண்டாவதில் மாவு உடைந்து போயிருக்கும், அயோடின் விட்டாலும் கறுக்காது. பிள்ளைகளைத் துப்பச் சொன்னால் ஐயே என்று நெளிவார்கள், அதனால் முதல் வருடத்திலிருந்தே என் எச்சில்தான், இந்தப் பள்ளியில் டீச்சர் எச்சில் என்றால் ஒரு பெயர் உண்டு, பழைய மாணவர்கள் கடைத்தெருவில் பார்த்தால்கூட அதைத்தான் முதலில் விசாரிப்பார்கள். நேற்று பக்கத்துப் பிரிவில் அந்தப் பெயர் போயிற்று. துப்பத் துப்ப நுரைதான் வந்தது, அதுவும் அரைச் சொட்டு, மீதிக்குத் தண்ணீரைக் கொப்பளித்து விட்டேன். பத்து நிமிடம் கழித்து இரண்டு குழாயும் ஒன்றுபோலக் கறுத்து நின்றன. நாற்பது முகம் என்னைப் பார்த்தது. நான் என்ன செய்தேன்? "அக்கா தண்ணிய சரியா சுட வைக்கல போல" என்றேன், பழியைத் தூக்கி அக்கா தலையில் போட்டேன், எவ்வளவு சுலபமாக வந்தது. அக்கா என்றால் ஆய்வக உதவியாளர், எனக்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறவர், தண்ணீரில் வெப்பமானியைப் போட்டு முப்பத்தேழுக்கு அரை டிகிரி ஏறினாலும் இறங்கினாலும் விடாதவர். வெப்பமானியை எடுத்துத் துணியில் துடைத்து உறையில் போட்டார். ஆசிரியர் அறையில் அவருக்குத் தண்ணி பாட்டில் என்று பெயர், ஒரு காலத்தில் எங்கே போனாலும் கையில் பாட்டிலோடு திரிந்தாராம், திரிந்தாராம் என்ன, நானே பார்த்திருக்கிறேன், பாட்டில் போய் எத்தனையோ வருடம் ஆயிற்று, பெயர் மட்டும் போகவில்லை.

இன்றும் துப்புகிறேன். புளியை நினைத்துக்கொள்கிறேன், எலுமிச்சையை நறுக்கிப் பிழிவதாக நினைத்துக்கொள்கிறேன், நுரைதான். தண்ணீரைக் கொப்பளித்து விடுகிறேன், அடுத்து எதன்மேல் பழி போடலாம், அயோடின் பழசு என்று சொல்லலாமா... அக்கா இரண்டு குழாயையும் ஸ்டாண்டோடு வாங்கிக்கொண்டு பின்னால் தொட்டிப் பக்கம் வெந்நீரில் வைக்கப் போகிறார். நான் பலகையில் மாவை உடைப்பது எச்சிலிலுள்ள நொதி என்று எழுதுகிறேன், நொதி குறைந்தால் வேலை குறையும் என்று எழுதுகிறேன், சுண்ணாம்புத்தூள் தொண்டையில் போய் உட்கார்கிறது. பத்து நிமிடம். படத்தை வரையுங்கள், பேசாதீர்கள்.

யாரைக் கூட்டிக்கொண்டு போவது? வீட்டுக்காரர் நல்லவர்தான், தங்கமானவர்தான், ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அன்றைக்கே என் நாத்தனாருக்குத் தெரியும், நாத்தனாருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும், ஆளாளுக்கு போன் போட்டு உனக்கு என்ன குறை என்று கேட்பார்கள், என்ன குறை என்று எனக்குத் தெரிந்தால் நான் ஏன் டாக்டரிடம் போகிறேன். வைட்டமின் மாத்திரை என்றுதான் ஆரம்பத்தில் அவரிடம் சொல்லியிருந்தேன், உறையை எடுத்துப் படிக்கிற பழக்கம் உள்ள மனிதர், பயந்துபோய் இங்கே கொண்டுவந்து அலமாரியில் காப்பர் சல்பேட் புட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டேன், தினமும் பத்து மணிக்கு வந்து ஒன்று போட்டுக்கொள்கிறேன். மகளுக்குச் சொன்னால் படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாள். கணக்கு டீச்சர் நெருக்கம்தான், ஆனால் மதிய மணி அடிப்பதற்குள் ஆசிரியர் அறை முழுவதும் எனக்காக இரங்கும், இரங்கி முடித்ததும் ஒரு பட்டப்பெயர் வைக்கும். தனியாகவே போனால்? யாரும் கிடைக்கவில்லை டாக்டர் என்றால்? நாற்பத்தாறு வயதில், புருஷன், பிள்ளை, நாத்தனார், வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் மாணவர்கள், இருந்தும் யாரும் கிடைக்கவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வேன்.

பத்து நிமிடம் ஆயிற்று. எல்லாரும் மேசையைச் சுற்றிக் கூடுகிறார்கள். ஒன்றாவது குழாயில் இரண்டு சொட்டு அயோடின், மையைக் கொட்டியதுபோலக் கறுக்கிறது. இரண்டாவதில் விடுகிறேன், வாயில் அயோடின் பழசு என்ற வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டு விடுகிறேன்... கறுக்கவில்லை. இன்னொரு சொட்டு. வெறும் மஞ்சள், தேநீர் வடித்த நிறம். ஓ என்று கத்துகிறார்கள், ஒருத்தன் கை தட்டுகிறான். நேற்றைய வாய்தானே இது, நேற்றைய அரைச் சொட்டுதானே, இன்று மட்டும் எங்கிருந்து வந்தது நொதி? குழாயைத் தூக்கிப் பார்க்கிறேன். நான் கொடுத்தது குறியிட்ட கோடு வரை, இப்போது கோட்டுக்கு மேலே ஒரு விரல் கூட இருக்கிறது. நிமிர்ந்து அக்காவைப் பார்க்கிறேன், அக்கா ஜன்னல் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அந்தக் கொக்கியை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்பதுபோல.

கேள்வித்தாள் கையைத் தூக்குகிறாள். நேற்றுப் பக்கத்துப் பிரிவில் கறுத்துவிட்டதாமே, தண்ணீர் சரியாகச் சுடவில்லையாமே, இன்றைக்கு எப்படி வந்தது என்கிறாள். ஆமாம், இன்று சுட்டது என்று சொல்லிவிட்டால் முடிந்தது, ஒரு வாக்கியம், மணி அடிக்க மூன்று நிமிடம்தான் இருக்கிறது. "தண்ணி நேத்தும் சரியாத்தான் இருந்துச்சு" என்கிறேன். "அக்கா மேல தப்பு இல்ல. என் வாயில எச்சில் இல்ல, அதான்." டீச்சர் நிறையப் பேசுறீங்க டீச்சர், அதான் தொண்டைத்தண்ணி வத்திடுச்சு என்று ஒரு குரல், சிரிப்பு, நானும் சிரிக்கிறேன். உனக்கு இனித்ததா என்று அவளைக் கேட்கிறேன். இல்லை டீச்சர், மூன்று துண்டு தின்றுவிட்டேன், இன்னும் இல்லை. ரெக்கார்டில் இனிக்கவில்லை என்றே எழுது, நான் அடிக்க மாட்டேன் என்கிறேன். இத்தனை வருடத்தில் அப்படி எழுதிய எத்தனை பேர் நோட்டில் சிவப்பு மையால் அடித்து 'இனிக்கும்' என்று திருத்தியிருப்பேன், கணக்கே இல்லை.

மணி அடித்துக் கூட்டம் கலைந்து பெஞ்சுகள் சத்தம் போட்டு ஓய்கின்றன. அக்கா தொட்டியில் குழாய்களைக் கழுவுகிறார். நான் பக்கத்தில் போய் நிற்கிறேன், நேற்றைக்கு மன்னித்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போகிறேன், ஆனால் வாயில் வருவது, "அந்த ரெண்டாவது குழாய்..."

"வாய நல்லா கொப்பளிச்சிட்டுத்தான் துப்பினேன் டீச்சர், அசிங்கம் ஒண்ணும் இல்ல."

எனக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே கண்ணும் கலங்குகிறது. அக்கா திரும்பவில்லை. தூரிகையைக் குழாய்க்குள் விட்டுச் சுழற்றிக்கொண்டே சொல்கிறார், அலமாரியைத் துடைக்கும்போது மாத்திரையைப் பார்த்ததாக, யாரிடமும் மூச்சு விடவில்லை என்பதாக. "எனக்கும் அதே மாத்திரைதான். ரெண்டு வருஷம் சாப்பிட்டேன். சோறு இறங்காது, தண்ணி பாட்டிலை விட்டு ஒரு நிமிஷம் இருக்க முடியாது."

தண்ணி பாட்டில். அந்தப் பெயரை வைத்தது யார், கணக்கு டீச்சரா, உடற்பயிற்சி சாரா, நான் வைக்கவில்லை, ஆனால் சிரித்தேன், வடையைக் கடித்தபடி... இல்லை, பிஸ்கட், பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி சிரித்தேன், அக்கா அப்போது கதவருகே நின்றிருந்தார், தேநீர்க் குவளைகளை எடுக்க வந்திருந்தார். இதே ஆய்வகத்தில்தான் இருந்தேன், தினமும், நான்கு எட்டு தள்ளி. மாவிலும் புரதத்திலும் எதை விட்டால் என்ன நிறம் ஆகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

டாக்டரிடம் அப்போது உங்களோடு யார் வந்தார்கள் என்று கேட்கிறேன்.

"யாரையாவது கூட்டிட்டு வரச் சொன்னாங்க," என்கிறார் அக்கா. "யாரைக் கேக்குறதுன்னு தெரியல. தனியாத்தான் போனேன்."

குழாயைக் கவிழ்த்து ஸ்டாண்டில் வைக்கிறார், இரண்டாவது எது ஒன்றாவது எது என்று இனிமேல் சொல்ல முடியாது. அடுத்த வகுப்பு வராந்தாவில் வரிசையாக வந்து நிற்கிறது, செருப்புச் சத்தம். அக்காவுக்கு நாலரைக்கு வேலை முடியும், எனக்குத் தெரியும். சாயங்காலம் என்று தொடங்குகிறேன், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அக்கா தொட்டிக் குழாயைத் திறந்து ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து என் பக்கம் நகர்த்திவிட்டு, நான் குடித்து முடிக்கட்டும் என்று கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.