யோகேஸ்வரியின் முகமும் காஸ் துணியும்

"இந்தக் கறை யாரோட கைங்கரியம்?"

சூப்பர்வைசர் சுயம்புலிங்கம் தூக்கிப் பிடித்த, புண்ணுக்குக் கட்டும் வெள்ளைக் காஸ் துணியில் பொட்டு அளவுக்கு ஓர் எண்ணெய்க்கறை. ராஜபாளையத்தில் அந்தப் பேண்டேஜ் கம்பெனியின் மடிப்பு மேசையைச் சுற்றி நின்ற பெண்கள் கறையைப் பார்க்கவில்லை. யோகேஸ்வரியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"வேற யாரு அண்ணாச்சி? அவ மூஞ்சில அப்பளமே பொரிக்கலாமே!" என்றாள் பொன்மணி. மேசையே சிரித்தது.

"சிரிக்காதீங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போற துணி. இன்னொருக்கா கறை வந்துச்சு, யோகேஸ்வரி, ஒன்னய மடிப்புல வச்சுக்க ஏலாது. பாத்துக்க."

நூல் மில்லில் பஞ்சுத் தூசியில் இருமி இருமி அலுத்துப்போய், அவள் ஆசைப்பட்டு வாங்கிய வேலை இது. அதை மூக்கில் வழியும் எண்ணெய்க்கா பறிகொடுப்பது?

குழாயடிக்கு ஓடினாள். குளியல் சோப்பை அப்பினாள். கழிவுக் கூடையில் கிடந்த காஸ் வெட்டுத் துண்டுகளை அள்ளி முகத்தைத் தேய்த்தாள். புண்ணைத் துடைக்கிற துணியைவிடச் சுத்தமான துணி உலகத்தில் ஏது என்பது அவள் கணக்கு. டீ நேரத்தில் ஒரு தேய்ப்பு, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒன்று, வீட்டுக்குப் போனால் எலுமிச்சம்பழத்தை வைத்து வேறு.

"என்னட்டி, கரிச்சட்டியத் தேய்க்கிற மாதிரித் தேய்க்க?" என்று கேட்டான் அவள் புருஷன் லக்ஷ்மண்.

"எண்ணெ போக வேண்டாமா?"

எண்ணெய் போகவில்லை. தோல்தான் போனது. கன்னம் சிவந்து உரிந்து, பருவெல்லாம் பழுத்துவிட்டது. வேர்வை பட்டால் மிளகாய் பூசியதுபோல் எரிந்தது. அந்த எரிச்சலிலும் மத்தியானத்துக்குள் மூக்கு பளபளத்தது. இந்த முகத்தோடு மேசைக்குப் போனால் நோய் என்றே சொல்லிவிடுவார்கள். லீவு சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள்.

தோல் டாக்டர் மாதுரி முந்தானையை விலக்கச் சொன்னார். "எதை வச்சுத் தேய்ச்சீங்க?"

சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "புண்ணுக்குக் கட்டுற துணியாலயே புண்ணாக்கியிருக்கீங்களே!"

"எண்ணெ வடியுதே டாக்டர். அழுக்குத்தானே அது?"

"யார் சொன்னது? தோல் காஞ்சு போகாம இருக்க உடம்பே சுரக்குற எண்ணெ அது. சிலருக்குக் கூடச் சுரக்கும். தேய்ச்சு அதை நிறுத்த முடியாது."

"அப்போ இது நோயில்லையா?"

"இல்லம்மா. காலையிலயும் ராத்திரியும் மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டு விரலாலயே கழுவுங்க. வேர்த்தா வெறும் தண்ணி. துண்டால ஒத்தி எடுங்க. பிசுக்கில்லாத மாய்ஸ்சரைசர் பூசுங்க, வெயில்ல போனா சன்ஸ்கிரீன். பருவைக் கிள்ளக் கூடாது, எலுமிச்சம்பழம் சாதத்துக்குத்தான், முகத்துக்கு இல்ல. புண்ணுக்கு மருந்து தாரேன்."

"எண்ணெத் தோலுக்கு மேல இன்னும் பூசணுமா?"

"எண்ணெ இருந்தாலும் தோலுக்கு ஈரப்பசை வேணும். எம் மூக்கைப் பாருங்க."

டாக்டரின் மூக்கும் பளபளத்தது. யோகேஸ்வரிக்குப் பல நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. சிரித்ததும் கன்னம் எரிந்தது.

புண் ஆறும்வரை வீட்டில் இருந்தாள். ஒருநாள் பொன்மணியிடமிருந்து போன்.

"ஏட்டி, நீ இல்லாமயும் கறை வருதுடி! வெட்டுற மெஷின்ல எண்ணெ கசியுதாம். இப்பத்தான் அண்ணாச்சி கண்டுபிடிச்சாரு. வந்து சேரு."

போனை வைத்துவிட்டு யோகேஸ்வரி விட்ட மூச்சில் லக்ஷ்மண் திரும்பிப் பார்த்தான்.

மேசைக்கு அவள் திரும்பிய அன்று சுயம்புலிங்கம் தலையைச் சொறிந்தார். "மெஷினைப் பாக்காம ஒம் மூஞ்சியப் பாத்துட்டேன், தாயி. தப்புத்தான்."

பொன்மணி அவளுடைய கன்னத்து வடுவைத் தொட வந்து, தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். "நான் சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்டி…"

"நீ வெளையாட்டுக்குத்தான் சொன்ன. நான் நெசமாத் தேய்ச்சேன்," என்றாள் யோகேஸ்வரி. "இனிமே யாரு தோலையும் கேலி பண்ணாதட்டி. எண்ணெத் தோலு அழுக்கும் இல்ல, குத்தமும் இல்ல. அதைப் பக்குவமாப் பாத்துக்கிட்டாப் போதும். அடுத்தவ சிரிச்சான்னு நம்ம தோல நாமே உரிச்சுக்கக் கூடாது."

மத்தியானம் அவள் மூக்கு வழக்கம்போல் பளபளத்தது. மெல்லிய துண்டால் ஒத்திவிட்டு, அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.