மிளகின் வாய்

ஊரில் பாதிப் பேர் மெல்லுவது அவர் செய்த பல்லால்தான். அந்தப் பல்செட்டுக்காரருக்குத் தன் வீட்டு நாய் மிளகின் வாயைத் திறந்து பார்க்க மட்டும் பத்து வருஷமாகத் தோன்றவில்லை. "இது வாய் நாறுதுங்க" என்று மனைவி சொன்னபோதெல்லாம், "நாய் வாய் பின்ன மணக்கவா செய்யும்?" என்று சிரித்தார். பல்செட்டின் ஈறுக்காகப் பொடியில் கலக்கும் திரவத்தின் நெடி அவர் மூக்கை என்றைக்கோ தின்றுவிட்டது. அவருக்கு எதுவும் நாறாது.

மிளகு சாப்பாட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்த பிறகுதான் இருவரும் அதைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டரம்மா அதன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு முழுக்கச் சீழ்.

"சின்ன இன நாய், உடம்பும் போடல, கருத்தடையும் பண்ணியிருக்கீங்க. ரொம்ப நாள் இருக்க வேண்டியது. வாயை விட்டுட்டீங்களே சார். இந்த விஷம் இதயம், சிறுநீரகம்னு எறங்கும். பல்லையெல்லாம் எடுத்துடணும். மயக்க ஊசி போட்டுத்தான். ஆனா இந்த வயசுல மயக்கம் தெளியணும், அதான் பயம்."

மிளகை உள்ளே கொண்டுபோனதும் அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். அரிசி அளவு பல்லையும் நடுங்காமல் இழைக்கிற கைக்குத் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக வரவில்லை. உள்ளே சத்தமே இல்லை. குரைத்தாலாவது தேவலை.

"நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்" என்றார்.

"பேசாம உக்காருங்க" என்று மனைவி மூடியைத் திறந்து கொடுத்தாள்.

கதவு திறந்தது. மேஜையில் மிளகு கிடந்தது. நாக்கு வாயின் ஓரமாக முழுசாக வெளியே தொங்கியது. "போயிடுச்சா?" என்றார்.

"முழிச்சிடுச்சு சார். பிடிச்சு வைக்கப் பல் இல்ல, அதான் நாக்கு தொங்குது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். பல்தான் நாக்குக்கு வேலி என்று வருகிறவர்களிடமெல்லாம் அவரே சொல்கிற பேச்சுதான். பயத்தில் சொந்தத் தொழிலே மறந்துபோயிருந்தது.

மிளகின் வால் மேஜையில் ஒருமுறை தட்டியது. அவர் குனிந்து அதன் வாயருகே மூக்கை வைத்தார். வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை. மறுபடி சீழ் வைத்தாலும் தனக்குத் தெரியாதே என்று போன பயம் திரும்பி வந்தது. மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

"நீ மோந்து பாரு. இனிமே தினமும் நீதான் பாத்துச் சொல்லணும். சிரிக்க மாட்டேன்."

அவள் குனிந்தாள். அவர் மூச்சை அடக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தபடி நின்றார்.