காயாரோகணம் உதைத்த பந்து

இதில் ஒரு சொல் பொய்யென்றால் இந்த வருடக் குறுவை எனக்கு முழுக்கப் பதராகப் போகட்டும். 1969 மாசியில் காயாரோகணம் உதைத்த பந்து இருபத்தொன்பது வருடம் கீழே இறங்கவில்லை.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர்க் கால்பந்துக் கழகத்தில் அவர் பேக், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆட்டக்காரர். மைதானம் மிராசுதார் சிவசாமியுடையது. கூலிச் சண்டையும் நில உச்சவரம்புப் பேச்சும் ஊரைப் பிடித்து ஆட்டிய காலம். தரிசாகக் கிடந்தால் யாராவது கொடி நட்டுவிடுவார்களென்று சிவசாமி ஏரும் மாடுமாக வந்து நின்றார். ஆட்டம் பாதியில் இருந்தது. "இந்த ஆட்டம் முடியட்டும்டா, அப்புறம் உழுதுக்கறேன். சொன்னா சொன்னதுதான்" என்றார். முடியப் போகிற நேரத்தில் காயாரோகணம் ஓங்கி ஓர் உதை விட்டார். பந்து மேலே போய் நின்றுகொண்டது. பந்து இறங்காமல் ஆட்டத்தை முடிக்க முடியாதென்று நடுவர் நெய்னா முகம்மது விசிலைப் பையில் போட்டுக்கொண்டு தன் ஜவுளிக்கடையைத் திறக்கப் போய்விட்டார்.

பந்து தரையைத் தொட்டால் மைதானம் போச்சு. அதனால் காயாரோகணம் அதனடியிலேயே அண்ணாந்து நின்றார். ரயில்வே அணி வேலைக்குக் கூப்பிட்டது, போகவில்லை. அண்ணாந்தபடியே மலர்கொடிக்குத் தாலி கட்டினார். "கொஞ்சம் கீழ பாருங்க, நானும் பாக்கற மாதிரிதான் இருக்கேன்" என்றாள். "இரு புள்ள, எறங்கிடப் போவுது" என்றார். எப்படியோ ஒரு மகள் பிறந்தாள். ஆட்சிகள் மாறின. பையன்கள் வேறு பந்துகளை வைத்துக்கொண்டு அவரைச் சுற்றி ஆடி, கோப்பைகள் வாங்கினார்கள். சிவசாமி தினமும் குடையோடு வருவார். "எறங்குதாடா?" "இல்லீங்க." சில வருடம் கழித்து மடக்கு நாற்காலி கொண்டுவந்தார், 'டா' போய் 'ப்பா' வந்தது.

1998 வைகாசியில் ஒரு சாயங்காலம் பந்து இறங்கத் தொடங்கியது. காயாரோகணத்துக்கு முழங்கால் மடங்காது. பல் போன சிவசாமி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஏரைக் கொண்டுவரச் சொல்வாரென்று ஊரே மூச்சைப் பிடித்தது.

"தலையால முட்டுப்பா! முட்டித் தொலையேன்!"

முட்டினார். பந்து பழைய இடத்துக்கே போய் நின்றது. காயாரோகணம் நின்றபடியே காலமான பிறகு மகள் அங்கே நிற்கிறாள். ஆட்டம் இன்னும் முடியவில்லை. மழை வருமா என்று பார்க்கிறவர்கள் பந்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்கள்.

அந்த மைதானம் இருக்கும் இடத்தில், எங்கள் ஊருக்குப் பெயர் வைத்த நாள் முதலாகக் குடமுருட்டி ஆறுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.