புளி போட்டு மினுக்கின வளையங்கள்

என்ர கை சும்மா இராது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியும் நானும் ஒண்டுதான்.

இங்க வெளிநாட்டில எங்கட பக்கத்து வீடு இமா அக்கா. நைஜீரியாக்காரி. ஆருமில்லாமல் நான் பிள்ளை பெத்துக் கிடக்கேக்க, நாற்பது நாளும் சமைச்சுத் தந்த மனுசி. செத்தாலும் மறக்க மாட்டன்.

போன கிழமை மகளிட்டைப் போகேக்கை வீட்டுத் திறப்பைத் தந்தா. "துசி, மேசையில பெட்டி இருக்கு. சனிக்கிழமை நான் வந்ததும் ஒரு ஆள் வாங்க வருவார். மகளின்ர கலியாணச் சாப்பாட்டுக்குத்தான் விக்கிறன்."

திறந்து பார்த்தன். இருபது பித்தளை வளையம், கறுத்து, களிம்பு பிடிச்சு. விக்கிற சாமானை இப்பிடியே குடுக்கிறதோ? குத்துவிளக்கு மினுக்கிற மாதிரிப் பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய் தேயெண்டு தேய்ச்சன். பொன் மாதிரி மின்னிச்சுது.

சனிக்கிழமை வந்த வியாபாரி தலையில கை வைச்சார். அந்தப் பழங்கறுப்புக்குத்தானாம் விலை. வேண்டாமெண்டு போட்டார்.

"அக்கா, அடிக்கிறதெண்டாலும் அடியுங்கோ," எண்டு அழுதன்.

இமா அக்கா ஒரு வளையத்தை எடுத்து மேசையில தட்டி, அந்தச் சத்தத்தைக் கேட்டா. பிறகுதான் சொன்னா. அந்தக் காலத்தில அவையின்ர ஊரில இதுதானாம் காசு. பனை எண்ணெய் வாங்கினாலும் இது, பொம்பிளை கேட்டுப் பரிசம் போட்டாலும் இது. நாற்பத்தொன்பதில வெள்ளைக்கார அரசாங்கம் இனிச் செல்லாது, கொண்டு வந்து தாங்கோ எண்டிட்டுது. சனம் மூட்டை மூட்டையாய்க் கொண்டுபோய்க் குடுத்ததாம். சடங்குக்கு ஆளுக்கு இருநூறு வளையம் வைச்சிருக்கலாமெண்டு அரசாங்கம் சொல்லியும் அவவின்ர அம்மப்பா நம்பயில்லை. மகளுக்கு வந்த பரிசத்தை வள்ளிக்கிழங்குத் தோட்டத்துக்குள்ள கிடங்கு தோண்டித் தாட்டுப்போட்டார்.

"எங்கட அம்மாவைக் கேட்டு வந்த வளையங்கள், துசி. இவ்வளவு வடிவெண்டு நான் ஒருநாளும் கண்டதில்லை."

"சாப்பாட்டுக்கு என்னக்கா செய்யிறது?"

"கடவுள் காட்டுவார்."

"கடவுள் வந்து வெங்காயம் வெட்டுவாரோ? நான் சமைக்கிறன். இருநூறு பேரெண்டாலும் சமைக்கிறன்."

"உன்ர உறைப்பு எங்கட ஆக்களுக்குக் காணாது," எண்டு சிரிச்சா. அப்பாடா, எனக்குப் போன உயிர் வந்துது.

திங்கட்கிழமை அந்த வியாபாரி போன் எடுத்தார். பாதி விலைக்கு எடுக்கிறாராம். நான் இமா அக்காவுக்குப் பக்கத்தில நிண்டன்.

"எங்கட அம்மப்பா அரசாங்கத்துக்கே குடுக்கயில்லை, ஐயா," எண்டா இமா அக்கா. "நான்தான் குடுக்கப் பார்த்தன். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து தடுத்துப்போட்டுது."