மனப்பூர்வமான ராஜினாமா

மருமகள் இன்னும் கைகூடக் கழுவவில்லை. அதற்குள் அவள் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார் வக்கீல்.

"நான் சொல்லச் சொல்ல எழுதும்மா."

"என்ன எழுதணும் மாமா?"

"ராஜினாமா."

அவள் வெளியூர்ப் பஸ் ஓட்டுபவள். பெண் பார்க்க வந்த அன்று, "அடேயப்பா, என்ன தைரியம்!" என்று வாயைப் பிளந்தவர் இதே வக்கீல்தான். கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே அந்தத் தைரியம் அவருக்கு மானக்கேடாகிவிட்டது. "உங்க மருமக ஓட்டின பஸ்லதாங்க வந்தேன்" என்று கட்சிக்காரன் ஒருவன் சொன்னானாம். பாவம், பாராட்டாகத்தான் சொன்னான்.

புருஷன் தன் தட்டில் இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தான். மாமியார் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே நழுவினாள். அவளும் ஒரு காலத்தில் டீச்சராக இருந்தவள்.

"நான் வேலையை விடறேன்னு சொல்லவே இல்லையே மாமா."

"அந்த வார்த்தையோட அழகைப் பாரும்மா." எந்தச் சொல் எந்தத் தேசத்திலிருந்து கோர்ட்டுக்குள் நுழைந்தது என்று பாடம் நடத்துவதில் வக்கீலுக்கு அலாதி ருசி. "ராஜின்னா அரபியில சம்மதம். நாமான்னா பாரசீகத்துல பத்திரம். மனசாரச் சம்மதிச்சு எழுதிக் குடுக்கற பத்திரம்! வேலையை விடறதுங்கறதெல்லாம் பின்னால ஒட்டவச்ச அர்த்தம்."

"அப்ப நான் எப்படி மாமா எழுதறது? எனக்குத்தான் சம்மதம் இல்லையே."

தாளை அவர் பக்கமே நகர்த்திவிட்டுக் கை கழுவப் போனாள்.

அடுத்த வாரம் டிப்போ மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "ஏம்மா, நல்லாத்தானே ஓட்டிக்கிட்டிருந்தே? என்ன திடீர்னு?"

அவர் நீட்டியது அவள் பெயரில் வந்திருந்த ராஜினாமா. 'மனப்பூர்வமான சம்மதத்துடன்' என்று இரண்டு இடத்தில் அழுத்தியிருந்த வாசகம் மாமனாருடையது. எழுத்து? நிச்சயமான புதிதில் புருஷன் அவளுக்குக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளிய அதே உருண்டை எழுத்து.

"இதை நான் எழுதல சார்."

"பின்னே யாரு?"

தெரியாது என்றால் குடும்ப மானம் பிழைத்திருக்கும். அவள் தெரியும் என்றாள். மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தாள், போலீசிலும் கொடுத்தாள்.

ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் வக்கீலின் குரல் வெண்ணெயாய் உருகியது. "குடும்பம்னா நாலும் இருக்கும்மா. புகாரை வாபஸ் வாங்கிடு. ராஜியாப் போயிடலாம்."

சம்மதம் என்று அவர் பாடம் நடத்திய சொல்லுக்கு இப்போது வாயை மூடிக்கொள் என்று அர்த்தம்.

அவள் புருஷனைப் பார்த்தாள். "எனக்கு லெட்டர் எழுதின அதே கையாலதானே இதையும் எழுதினீங்க?"

"அப்பா சொன்னார்..." என்று ஆரம்பித்தவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

அவள் சீருடையை மடித்துப் பையில் வைத்தாள். அவள் மசியவில்லை என்றதும் வக்கீலுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

"போ, போய்ப் பாரு! இந்த ஊர்ல எவன் உனக்கு வக்காலத்துப் போடறான்னு நானும் பாக்கறேன். அத்தனை பேரும் என்கிட்டத் தொழில் கத்துக்கிட்டவனுங்க."

"வெளியூர்ல பாத்துக்கறேன் மாமா," என்றாள் செருப்பை மாட்டிக்கொண்டே. "பஸ்ஸு எல்லா ஊருக்கும்தான் போகுது."