எவ அந்த மாயா?

மூன்று வாரமாக என் புருஷன் பகலவன் வாயில் மாயா, மாயா என்று ஒரே ஜபம். ஒரகடத்தில் பிரேக் தயாரிக்கும் கம்பெனியில் அவர் லைன் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடிந்து வடக்குப்பட்டுக்கு வந்ததும் போனைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். என்னிடம் பேச நாலு வார்த்தை கிடையாது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

கேட்டால் ஒரு பெரிய கதை சொல்வார். அந்தக் காலத்தில் நேபாளத்தில் ஹரிநாதர் என்று ஒரு பண்டிதராம். வீட்டுப் பெண்களுக்கும் புரியட்டுமே என்று ஒரு சமஸ்கிருதக் கதையை நேபாளியில் எழுதினாராம். லைனில் வேலை செய்யும் நேபாளத்துத் தமாங் அதைப் படித்துப் பொருள் சொல்ல, இவர் தமிழில் எழுதுகிறாராம். பிரேக் முடுக்குகிறவருக்குத் திடீரென்று இலக்கியமா? இதை நம்புகிற ஆளா நான்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். மாடிப்படியில் அவர் குரல் கேட்டது.

“மாயாவ உட்டா எல்லாம் பூடும்டா. எனக்கு மாயா வேணும்.”

செதில் ஒட்டிய கையோடு ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கினேன்.

“எவ அந்த மாயா? தைரியம் இருந்தா என்கிட்ட பேசச் சொல்லு!”

“அக்கா, நான் தமாங்,” என்றது போன். “மாயா பொண்ணு இல்ல அக்கா. எங்க பாஷைல அன்பு.”

என் புருஷன் தலையில் அடித்துக்கொண்டார். “அந்தக் கதைல போருக்குப் போற ராஜாகிட்ட ராணி சொல்றா, ‘என் மாயா உன்கூட வரும்’னு. நான் நம்மூரு மாயைன்னு நெனச்சிகினு, ‘என் பொய் உன்கூட வரும்’னு எழுதிட்டேன். தமாங் சிரிச்சான் பாரு!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நிம்மதிகூட வரவில்லை. எவளோ ஒரு ராணிக்காக மூன்று வாரம் வார்த்தை தேடியிருக்கிறாரே, எனக்காக ஒரு நாள் தேடினாரா? அவள்மேல் இன்னும் அதிகமாகப் பொறாமைப்பட்டேன்.

“அன்புன்னா சப்புனு கீது. காதல்னா சினிமா மாதிரி கீது,” என்றார். “நீ சொல்லு சசி, நான் வேலைக்குக் கெளம்பும்போது உன் மனசுல இன்னா வரும்?”

தினமும் எனக்குள் வருகிற வார்த்தை ஒன்று இருக்கிறது.

“சொல்ல மாட்டேன். அது உனக்குன்னு வச்சிருக்கறது. உன் ராணிக்கு எதுக்குத் தரணும்?”

“சரி, எனக்கு மட்டும் சொல்லு. எழுத மாட்டேன்.”

போனை அணைத்துவிட்டு, அவர் காதில் சொன்னேன்.

கதையில் அவர் ‘அன்பு’ என்றுதான் போட்டிருக்கிறார். போடட்டும். உங்களுக்கும் சொல்ல மாட்டேன்.